மூன்றாவது பெட்டி

அற்புதராஜ் மேசைக்கு அடியில் மாட்டிக்கொண்டு இருபது நிமிஷம் ஆகிவிட்டது. யாரும் பிடித்துத் தள்ளவில்லை. நாற்பத்தாறு வயசு, தொப்பை, முதுகுவலி எல்லாம் உள்ள மனுஷன், தானாகத்தான் தரையில் ஒருக்களித்துப் படுத்து, மேசைக் காலுக்கும் சுவருக்கும் நடுவே இடது கையை நுழைத்து, அங்கிருந்த ஒரு பெட்டியின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு கிடந்தார். விரலை எடுத்தால் எல்லாம் போச்சு. எடுக்காமல் இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடந்தாக வேண்டும்.

மார்சிலிங்கில் எட்டாம் மாடி வீடு அது. படுத்திருந்தது மகனின் அறையில். மகன் நேஷனல் சர்வீசுக்கு, கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, போன மறுவாரமே கம்ப்யூட்டர் அந்த அறைக்குக் குடிவந்துவிட்டது. அந்த 1986-ல், அந்த பிளாக்கிலேயே கம்ப்யூட்டர் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதில் அவருக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. கப்பல் கம்பெனி ஒன்றில் கிளார்க் வேலை. கம்பெனி பழைய சாமான்களைக் கழித்தபோது மூன்று ஹார்ட் டிஸ்க் பெட்டிகளைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி, டாக்சியில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரிலிருந்து முதல் பெட்டிக்கு ஒரு பட்டைக் கேபிள், முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதுக்கு ஒன்று, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு ஒன்று.

"மூணும் சேர்ந்து முப்பது மெகாபைட். முழு வேதாகமத்தையும் ஆறு தடவை உள்ள வைக்கலாம் லா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். ஒரு கேபிள் லேசாக அசைந்தாலும் மூன்று பெட்டியும் சேர்ந்து படுத்துவிடும் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

இப்போது அந்தப் பெருமைதான் அவரைத் தரையில் கிடத்தியிருந்தது. மூன்றாவது பெட்டியில் இருந்தது வேதாகமம் இல்லை. இருநூற்றுச் சொச்சம் குழந்தைகளின் குழிகள்.

விஷயம் இதுதான். பழைய கல்லறைத் தோட்டத்தை அரசாங்கம் எடுக்கப்போகிறது. சொந்தக்காரர்கள் வந்து இடத்தைக் காட்டினால் எலும்பைத் தோண்டிக் கையில் கொடுப்பார்கள். காட்டாதவற்றை மொத்தமாக எரித்துக் கடலில் கரைத்துவிடுவார்கள். கல் வைத்த கல்லறைகளுக்குப் பிரச்சினை இல்லை, தோட்டத்து ஆபீஸ் வரைபடத்திலேயே எல்லாம் இருக்கிறது. வேலியோரத்து ஆறு வரிசைகள்தான் எந்த வரைபடத்திலும் இல்லை. ஞானஸ்நானம் பெறாமல் செத்துப்போன குழந்தைகளை அந்தக் காலத்தில் அங்கேதான் புதைத்தார்கள். சாமியார் ஜெபித்து மந்திரிக்காத மண். கல் வைக்க விடமாட்டார்கள், சிலுவை நட விடமாட்டார்கள். மரக்குச்சிதான், அதுவும் இரண்டு மழைக்குத் தாங்காது. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் இடுப்பளவு லாலாங் புல்.

எந்தக் குழி எந்தப் பிள்ளையுடையது என்று எழுதி வைத்தவர் ஒருவர்தான். அந்தோனியார் சபையின் சார்பில் புதைக்கும் வேலையைப் பார்த்த சுவிசேஷமுத்து. வரிசை, குழி, தகப்பன் பெயர், ஆணா பெண்ணா, தேதி. பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது, ஞானஸ்நானம் இல்லாதவர்களுக்கு ஏது பெயர்? அவர் செத்த பிறகு இரண்டு நோட்டுப் புத்தகங்களும் சபை அலமாரியில் கிடந்து கரையான் பிடித்தன. "கொடுங்க, நான் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தர்றேன்" என்று அற்புதராஜ் வாங்கிவந்து, தமிழ் எழுத்துக்குத் தானே ஒரு புரோகிராமும் எழுதி, ராப்பகலாக அடித்து முடித்தார்.

அதன் பிறகு அவரும் சபைக்காரர்களும் சேர்ந்து செய்த காரியம் இருக்கிறதே, வேறு எவரும் செய்திருக்கமாட்டார்கள். அந்த நோட்டுகள் வருஷாவருஷம் கல்லறைத் திருநாளில் பீடத்தில் வைத்து மந்திரிக்கப்பட்டவை. மந்திரித்த பொருளை எட்டாம் மாடிக் குப்பைக்குழாயில் போட முடியுமா? எரிக்க வேண்டும். போன வருஷம் சாம்பல் புதனுக்காகப் பழைய குருத்தோலைகளை எரித்தபோது, கரையானோடு சேர்த்து அந்த இரண்டு நோட்டுகளையும் அதே நெருப்பில் போட்டார்கள். அற்புதராஜ்தான் தன் கையால் போட்டார். அந்த வருஷம் கோயிலில் எல்லார் நெற்றியிலும் இருந்தது அந்தச் சாம்பல்தான்.

"எல்லாம் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. பட்டனைத் தட்டினா வந்துடும்" என்றார் சபைக் கமிட்டியிடம்.

திங்கட்கிழமை மத்தியானம் பட்டியல் கொடுக்கக் கடைசி நேரம். பட்டனைத் தட்டியது சனிக்கிழமை காலையில்! இரண்டு மாசமாகக் கமிட்டி கேட்டுக்கொண்டே இருந்தது. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து அந்தோனியம்மாள் வாராவாரம் போன் போட்டாள். அவளுக்கு ஆறாம் வரிசையில் இரட்டைக் குழந்தைகள். "நாளைக்கு எடுக்கறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார் மனுஷன். சோம்பேறித்தனம் இல்லை. வேறு காரணம் இருந்தது.

காலையில் மூன்றாவது பெட்டி எழுந்திருக்கவில்லை. கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால் சாக்கெட்டுக்குள் ஊசிகள் எல்லாம் பச்சைப்பசேலென்று பூத்திருந்தன. பிளாப்பியில் ஒரு நகல் வைத்திருந்தார். அதை உறையிலிருந்து உருவினால் வெள்ளையாகப் பூஞ்சை. டன்லப் ஸ்ட்ரீட்டில் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்க்கும் சேக் தாவூதுக்குப் போன் போட்டார். கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

"பச்சையா பூத்திருக்கா? அது உப்புத்தண்ணி பட்டதுண்ணே. உங்க வீட்டுக்குள்ள கடலு வருதா?" என்றார் சேக் தாவூது.

"எட்டாம் மாடியில ஏதுப்பா கடலு?"

"சொரண்டாதீங்க, ஊசி கையோட வந்துடும். சொருகிட்டு, அங்கிட்டும் இங்கிட்டுமா அழுத்திப் பாருங்க. லைட் எரிஞ்சுச்சுன்னா அப்படியே பிடிச்சுக்கிட்டு பிரிண்ட் எடுத்துடுங்க. கைய மட்டும் எடுத்துடாதீங்க. பாதியில விட்டா எது எங்க இருக்குன்னு அதுக்கே மறந்துடும், அப்புறம் அந்தப் பைலு உங்களுக்கு இல்ல."

"நீ வந்து பாரேன்ப்பா."

"ஜொகூர்ல மச்சான் கல்யாணம். வாசல்ல வண்டி நிக்குது. திங்க சாயங்காலம்தான் வருவேன்."

திங்கள் சாயங்காலம் வந்து என்ன பிரயோஜனம்? ரப்பர் பேண்டு போட்டுப் பார்த்தார், துணி கிளிப் மாட்டிப் பார்த்தார், அட்டையை மடித்துச் சொருகிப் பார்த்தார். எதற்கும் மசியவில்லை. கடைசியில் கட்டைவிரலால் மேல்நோக்கி, சற்றே இடதுபக்கமாக அழுத்தியபோது விளக்கு எரிந்தது. வலது கையை மேலே நீட்டி, கீபோர்டைத் தடவி பட்டனைத் தட்டினார். தையல் மெஷின் மேல் இருந்த பிரிண்டர் கிறீச்சென்று கிளம்பியது. தமிழ் எழுத்தைப் புள்ளி புள்ளியாகப் படம்போல வரைய வேண்டும், ஒரு வரிக்கு அரை நிமிஷம். இருநூற்றுச் சொச்சம் வரி. கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படியாகத்தான் மனுஷன் மாட்டினார். முழங்கையில் மேசைக்கால் குத்தியது. மூத்திரம் முட்டியது. மூக்கு நுனி அரித்தது. வலது கை சும்மாதான் இருந்தது, ஆனால் அதை அசைத்தால் தோள் அசைகிறது, தோள் அசைந்தால் விரல் அசைகிறது. சொரிந்துகொள்ளக்கூட வழியில்லை.

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. கோயிலில் பூ அலங்காரம் செய்துவிட்டு பிலோமினம்மாள் வந்தாள். அறைக்குள் எட்டிப் பார்த்தவளுக்குத் தெரிந்தது புருஷனுடைய இரண்டு கால்தான்.

"ஐயோ! என்னங்க ஆச்சு? விழுந்துட்டீங்களா?"

"விழல. தொடாத! என்னைத் தொடாத, மேசையைத் தொடாத. கேபிளைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். கையெடுத்தா லிஸ்ட்டு போயிடும்."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். வியர்த்துப்போன முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். மூக்கையும் சொரிந்துவிடச் சொன்னார். அதையும் செய்தாள்.

"பிலோ, நிஜத்தைச் சொல்லு. இந்தப் பெட்டி மேல எதையாச்சும் ஊத்துனியா?"

"நான் எதுக்கு ஊத்துறேன்?" என்றவள், கொஞ்சம் நிறுத்தி, "தீர்த்தம் தெளிச்சேன். அது ஊத்துறதா?" என்றாள்.

"தீர்த்தமா!"

"ஜெபமாலை முடிஞ்சதும் நாலு துளி. நீங்க பார்க் பக்கம் நடக்கப் போயிருப்பீங்க."

"எத்தனை நாளா?"

"நீங்க அடிச்சு முடிச்ச நாள்லேர்ந்துதான்."

ஒரு வருஷத்துக்கு மேல்! அவர்கள் கோயில் சாமியார் பழைய முறைக்காரர். உப்பை மந்திரித்துத் தண்ணீரில் கொட்டாமல் அவருக்குத் தீர்த்தம் தீர்த்தமாகாது. அதுவும் அள்ளி அள்ளிப் போடுவார். அதைப் போத்தலில் வாங்கிவந்து, தினமும் மின்சாரப் பெட்டியின் தலையில் தெளித்திருக்கிறாள் இவள். அற்புதராஜுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"உனக்கென்ன பைத்தியமா? டிவி மேல தெளிச்சியா? பிரிட்ஜ் மேல தெளிச்சியா? இது மேல எதுக்குடி தெளிச்ச?"

பிலோமினம்மாள் கோபிக்கவில்லை. எதைக் கேட்கிறார் இந்த மனுஷன் என்பதுபோலத்தான் பார்த்தாள்.

"நம்ம பிள்ள இதுக்குள்ளதானே இருக்கா" என்றாள். "அன்னைக்குத்தான் அவ மேல தண்ணி படல. இங்கயாச்சும் படட்டுமேன்னுதான்."

அற்புதராஜ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்ப முடிந்தது அவ்வளவுதான்.

1969 ஆகஸ்ட் மாசம். மகனுக்கு அடுத்த பிள்ளை, பெண். நாலு மணி நேரம் மூச்சு இருந்தது. பிலோமினம்மாள் மயக்கத்தில் கிடந்தாள். நர்ஸ் அவர் கையில் ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொடுத்து, "நீங்க கிறிஸ்டியன்தானே, ஏதாவது செய்யணும்னா செஞ்சுக்குங்க" என்றாள். சாமியார்தான் ஊற்ற வேண்டும் என்பதில்லை. சாகக்கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஊற்றலாம், ஒரு கை தண்ணீர், மூன்று வார்த்தை. ஞானோபதேச வகுப்பில் படித்ததுதான். ஆனால் ஊற்றினால் பிள்ளை சாகப்போகிறது என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடுமே! கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சாமியாரைத் தேடி ஓடினார். அழைத்துக்கொண்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சுவிசேஷமுத்துவின் நோட்டை அடித்துக்கொண்டு வந்தபோது அந்த வரி வந்தது. அற்புதராஜ், பெண், தேதி. விரல் கீபோர்டில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வந்தார், முகம் கழுவிவிட்டு வந்தார். கடைசியில் அப்புறம் அடித்துக்கொள்ளலாம் என்று அந்த ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனார். அந்த அப்புறம் வரவே இல்லை. நோட்டை எரிக்கும் நெருப்பின் முன்னால் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. நோட்டு கையை விட்டுப் போயிருந்தது. எந்த வரிசை, எத்தனையாவது குழி, ஒன்றும் மனசில் நிற்கவில்லை. அன்று முதல் அந்தப் பைலைத் திறக்கப் பயந்தார். பிரிண்ட் எடுக்க இரண்டு மாசம் இழுத்தடித்தது இதனால்தான்.

ஆக, அவள் ஒரு வருஷமாகத் தீர்த்தம் தெளித்த பெட்டிக்குள் பிள்ளை இல்லை. இது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"நான் வாசிக்கறேன்" என்றாள் பிலோமினம்மாள். நாற்காலியை இழுத்துப் பிரிண்டர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "ஒழுங்கா வருதா இல்லையான்னு உங்களுக்கும் தெரியணும்ல?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? என்ன காரணம் சொல்வது?

"வரிசை ரெண்டு, குழி மூணு. சவேரியார் மகன். குழி நாலு, பூச்சி அரித்தது." நிமிர்ந்தாள். "இதென்னங்க?"

"கரையான் தின்ன வரி. படிக்க முடியாததை அப்படியே போட்டுட்டேன். குழியை விட்டுடக்கூடாதுல்ல."

"நல்ல வேலை செஞ்சீங்க."

அந்தப் பாராட்டு அவருக்கு அடிபோல விழுந்தது. அவள் நிதானமாக வாசித்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு வரிக்கும் நடுவே அரை நிமிஷம் பிரிண்டர் கீறும் சத்தம். வருஷ வரிசைப்படி புதைத்த குழிகள். அறுபத்திரண்டு வந்தது, அறுபத்து மூன்று வந்தது. சில தகப்பன் பெயரைப் படித்ததும், "இவரு நம்ம சைனாடவுன்ல இருந்தாரே, அவரா?" என்றாள். இவர் உம் கொட்டினார். கட்டைவிரல் மரத்துப்போய், அழுத்துகிறோமா இல்லையா என்றே தெரியாத நிலை. மணிக்கட்டிலிருந்து தோள்வரை நெருப்பாக எரிந்தது.

மூன்றாம் வரிசை முடிந்தது. அறுபத்தெட்டு.

அவள் குரல் மாறிவிட்டதை அவர் கவனித்தார். சின்னப் பெண்ணைப்போல, முன்னால் குனிந்து, தாள் வெளியே வர வரப் படித்தாள். "வந்துடுவா இப்ப" என்றாள் தனக்குத்தானே.

விரலைச் சற்றே தளர்த்தினால் போதும். அவ்வளவுதான் வேண்டியது. விளக்கு அணையும், பிரிண்டர் நிற்கும், "ஐயோ போச்சே" என்று ஒரு கத்து கத்தினால் முடிந்தது. யார் மேல் தப்பு? கேபிள் மேல். உப்பு மேல். ஏன், தீர்த்தம் தெளித்த அவள் மேலேயே. சாகிறவரைக்கும் அவளே தன்னை நொந்துகொள்வாளே ஒழிய இவரை ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். இவர் தப்பித்துவிடலாம். கை அதுவாகவே நழுவினாற்போல இருக்கும், உண்மையிலேயே நழுவும் நிலையில்தான் இருக்கிறது!

ஆனால் மீதி மூன்று வரிசைப் பிள்ளைகள்? புல்லுக்குள் கிடக்கிறவர்களைக் கூட்டி அள்ளிக் கொளுத்திவிடுவார்கள். அந்தோனியம்மாளுக்கு என்ன பதில் சொல்வது? பதில் இருக்கட்டும், ஒரு பிள்ளை விஷயத்தில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடியது போதாதா? இன்னும் நூறு பிள்ளைகளை விட்டுவிட்டு ஓட வேண்டுமா? அற்புதராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு விரலை இன்னும் அழுத்தினார். கண்ணில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைக்க முடியவில்லை.

"வரிசை நாலு, குழி ஒம்பது. மிக்கேல் மகள். அறுபத்தொம்பது ஜூலை முப்பது."

பிரிண்டர் கீறியது.

"குழி பத்து. லாசர் மகன். ஆகஸ்ட் ஆறு."

பிரிண்டர் கீறியது.

"குழி பன்னெண்டு" என்றாள். நிறுத்தினாள். "மரியதாஸ் மகன். ஆகஸ்ட் இருபத்தொண்ணு."

அடுத்த வரி வந்தது. அவள் வாசிக்கவில்லை. அதற்கடுத்ததும் வந்தது. தாள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

"பிலோ" என்றார். "நான் அடிக்கல பிலோ. அந்த வரியில கை ஓடல. அப்புறம் அடிக்கலாம்னு விட்டுட்டேன். அதுக்குள்ள நோட்டை எரிச்சாச்சு."

பிரிண்டர் இன்னொரு வரி கீறி முடித்தது.

"ஊத்தவும் இல்ல, எழுதவும் இல்ல" என்றாள் கடைசியில். அவள் குரலில் இப்படி ஒரு கடுமையைப் இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் கேட்டதில்லை. "ஊர்ப் பிள்ளைங்க எல்லாத்தையும் உக்காந்து அடிச்சீங்க. பூச்சி அரிச்சதைக்கூட விடல. நம்ம பிள்ளைய மட்டும் விட்டுட்டீங்க. நான் ஒரு வருஷமா வெறும் டப்பாவுக்குத் தெளிச்சிருக்கேன்."

அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது அவருக்கு. காலில் விழ வேண்டும்போல இருந்தது. மேசைக்கடியிலிருந்து உடம்பை இழுத்தார்.

"அசையாதீங்க!" என்று கத்தினாள். "கைய எடுத்தீங்க, அப்புறம் இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன்."

அப்படியே உறைந்து கிடந்தார். அவளுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. நாற்காலி நகர்ந்தது. தாளைத் திருப்பிப் பார்க்கும் சத்தம்.

"பத்துக்கு அப்புறம் பன்னெண்டு" என்றாள் மெதுவாக. "ஆறாந்தேதிக்கு அப்புறம் இருபத்தொண்ணு. பூச்சி அரிச்சதுன்னும் போடல. நடுவுல ஒரு குழி இருக்கு. அங்க வேற யாருங்க இருப்பா?"

இத்தனை நாளில் இது அவருக்குத் தோன்றவே இல்லை. வரி இல்லாவிட்டால் இடமும் இல்லை என்றே பயந்து கிடந்திருக்கிறார், மடையன்! ஒரு தடவை பைலைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

தையல் மெஷினின் இழுப்பறை திறந்தது. தாள்மேல் பேனா ஓடியது.

"என்ன எழுதுற?"

மற்ற வரிகளை வாசித்த அதே குரலில் வாசித்தாள். "வரிசை நாலு, குழி பதினொண்ணு. பிரிஜட். அறுபத்தொம்பது ஆகஸ்ட் பதினாலு."

அந்தப் பெயரை அவர் அந்த வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை.

"எப்ப வச்ச அந்தப் பேரை?"

"அவ பிறக்கறதுக்கு முன்னாடியே" என்றாள் பிலோமினம்மாள். "நீங்க கேக்கவே இல்ல."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாற்காலியை மறுபடி பிரிண்டர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"நல்லா அழுத்திப் பிடிங்க. குழி பதிமூணு."